கட்டடக்கலையில் சேவை வடிவமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கிளினிக், பனியன் கம்பெனி, வீடு என்று கட்டப் போகிறவர்களும், அவர்களுக்குப் பிளான் போடுகிற இளம் ஆர்க்கிடெக்டுகளும் கேட்கிற கேள்விகள் இவை. சிலவற்றுக்குப் பதில் நீளம், சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

சேவை வடிவமைப்பு என்றால் என்னங்க? கட்டடத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஒரு கட்டடத்துக்குள் யார் யார் வருகிறார்கள், வந்து என்ன செய்கிறார்கள், அவர்களுக்காக யார் எங்கே என்ன வேலை பார்க்கிறார்கள் என்பதை நேர வரிசையில் எழுதிப் பார்ப்பது. அந்த வரிசையில் கோளாறு இருந்தால் முதலில் அதைச் சரி செய்வது. சுவர் எங்கே வரவேண்டும் என்பதை அதற்கப்புறம் முடிவு செய்வது. நம் தொழிலுக்கு இந்த விளக்கம் போதும்.

இது கட்டடக்காரர்களிடம் பிறந்த துறை இல்லை. லின் ஷோஸ்டாக் என்ற அமெரிக்க வங்கி அதிகாரி 1984-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தெருமுனையில் ஷூ பாலிஷ் போடுகிறவரின் வேலையை அதில் படிப்படியாக வரைந்து காட்டினார். ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு நேரம் ஆகும், எந்தப் படியில் தப்பு நடக்க வாய்ப்பிருக்கிறது என்றெல்லாம் குறித்து, குறுக்கே ஒரு கோடும் போட்டார். கோட்டுக்கு மேலே இருப்பது வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிகிற வேலை. கீழே இருப்பது பாலிஷ் டப்பா வாங்கி வைப்பது மாதிரி அவர் பார்க்காத வேலை. இந்தப் படத்துக்குத்தான் சர்வீஸ் புளூபிரிண்ட் என்று பெயர். பிறகு 1991-ல் ஜெர்மனியின் கொலோன் நகர வடிவமைப்புப் பள்ளியில் மிக்கேல் எர்ல்ஹாஃப் இதை ஒரு பாடத்துறையாகவே கொண்டுவந்தார்.

கட்டடத்தில் அந்தக் கோடு பெரும்பாலும் ஒரு சுவராகவோ கதவாகவோ கவுன்டராகவோ வந்து நிற்கும். அதனால்தான் இது நமக்கு முக்கியம். கோட்டைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டால் பிறகு இடித்துத்தான் மாற்றவேண்டும்.

நல்ல ஆர்க்கிடெக்ட் இதையெல்லாம் ஏற்கெனவே செய்வதுதானே?

பாதி செய்கிறார். எந்த அறைக்குப் பக்கத்தில் எந்த அறை வேண்டும், ஆட்கள் எந்த வழியாகப் போவார்கள் என்று வரைவது கல்லூரியிலேயே வந்துவிடும். ஆனால் அந்தப் படத்தில் நேரம் இருக்காது. காலை ஏழு மணிக்கும் பகல் பன்னிரண்டு மணிக்கும் ஒரே கட்டடம் இரண்டு விதமாக நடக்கும் என்பது அதில் தெரியாது. அறையைப் பெருக்குகிறவர் துடைப்பத்தை எங்கே வைப்பார் என்பதும் வராது. சாவி கொடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பது சுத்தமாக வராது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒரு டி-ஷர்ட் கட்டிங்கில் தொடங்கி ஸ்டிச்சிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங் வரை எப்படிப் போகிறது, எங்கே தேங்குகிறது என்று திருப்பூரில் ஒரு கம்பெனி முதலாளியைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். அதே மனிதர் புதுக் கட்டடம் கட்ட வந்தால் முதலில் கேட்பது எலிவேஷன், அதாவது வெளி முகப்புத் தோற்றம். துணிக்குக் கொடுக்கிற கவனத்தை உள்ளே நடக்கிற மனிதர்களுக்கும் கொடுங்கள் என்றால் உடனே புரிந்துகொள்கிறார்கள். உற்பத்தி வரிசை தெரிந்த ஊரில் இந்த விஷயத்தை விளக்குவது சிரமமே இல்லை. விளக்க ஆள்தான் குறைவு.

நம்ம பக்கத்தில் உதாரணம் காட்ட முடியுமா?

கோவை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஒருமுறை போய் உட்கார்ந்து பாருங்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த். கோவைக் கிளை 1997-ல் வந்தது. அங்கே அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியைத் தயார் செய்துவிடுகிறார்கள். முடிந்ததும் மருத்துவர் மைக்ரோஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். பரிசோதனை வேலைகளில் பெரும்பகுதியைப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் பார்க்கிறார்கள், அவர்களில் பலர் கிராமத்துப் பெண்கள். இந்த வரிசையை முதலில் யோசித்ததால்தான் அந்த அறை அப்படி இருக்கிறது. ஒரு மேசை வைத்த அரங்கை எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாலும் அத்தனை பேருக்கு அங்கே அறுவை செய்திருக்க முடியாது. அதோடு, சேவை மருத்துவமனை வாசலில் தொடங்குவதில்லை. கிராமத்தில் முகாம் போட்டு, அறுவை தேவைப்படுகிறவர்களை அங்கிருந்தே பஸ்ஸில் கூட்டி வந்து, முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். கட்டடம் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான்.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் உழவர் சந்தை. 1999-ல் தமிழக அரசு தொடங்கியது, கோவை ஆர்.எஸ். புரத்தில் இருப்பது பலருக்கும் தெரியும். கட்டடம் என்று பார்த்தால் மேலே ஒரு கூரை, கீழே ஒரு மேடை. ஆனால் விவசாயிக்கு அடையாள அட்டை, தராசு, அன்றன்றைக்கு நிர்ணயித்து எழுதிப் போடும் விலைப் பலகை, இடைத்தரகர் இல்லாத ஏற்பாடு எல்லாம் சேர்ந்து அந்தச் சாதாரணக் கூரையை வேலை செய்ய வைக்கின்றன. புதுமை என்றாலே வளைந்த கான்கிரீட் என்று நினைக்கிறவர்களை நான் முதலில் அங்கேதான் அனுப்புவேன், காலை ஆறு மணிக்கு.

சரி, ஒரு சின்ன கிளினிக்குக்கு இதை எப்படிச் செய்வது?

தாராபுரத்திலோ கோபியிலோ ஒரு மருத்துவர் முப்பதடி அகல மனையில் கிளினிக் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொல்வது: "ரிசப்ஷன், கன்சல்டிங் ரூம், லேப், மெடிக்கல், மேலே வீடு." வழக்கமாக இந்தப் பட்டியலை வாங்கிக்கொண்டு நேராகப் பிளானுக்குப் போய்விடுவோம். அதற்குப் பதிலாக, இப்போது அவர் வாடகைக்கு இருக்கும் கிளினிக்கில் ஒரு முழு நாள் உட்காரவேண்டும், நோயாளிகளின் நாற்காலியில்.

அங்கே தெரிவது என்ன? சுற்றுக் கிராமத்திலிருந்து வருகிற பெரியவர் தனியாக வருவதில்லை. மகனோ மருமகளோ கூட வருவார், சில நேரம் பேரனும் வருவான். நாற்காலியை நோயாளிக் கணக்கில் போட்டால் பாதிப் பேர் வாசற்படியில் நிற்பார்கள். டோக்கன் வாங்கியவர் வெளியே டீக்கடைக்குப் போய்விடுவார், பெயரைக் கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. டாக்டரைப் பார்த்ததும் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ரிசல்ட் வர ஒரு மணி நேரம், மறுபடி டாக்டரைப் பார்க்கக் காத்திருப்பு. இதில் இரண்டாம் முறை காத்திருப்பவரும் புதிதாக வந்தவரும் ஒரே வரிசையில் கலந்துவிடுவதால்தான் சண்டை வருகிறது. மருந்து வாங்கும்போது ஊருக்குப் போகிற கடைசி டவுன் பஸ் ஞாபகம் வரும், அங்கே ஒரு தள்ளுமுள்ளு.

இதைச் சுவரில் ஒட்டிய பெரிய தாளில் எழுதுங்கள். மேல் வரிசையில் நோயாளி செய்வது. அடுத்து, அவரோடு நேரில் பேசுகிற நர்சும் டாக்டரும் செய்வது. கோடு. கோட்டுக்குக் கீழே லேபில் நடப்பது, மருந்து ஸ்டாக் எடுப்பது, பயன்படுத்திய ஊசியை அப்புறப்படுத்துவது. எங்கே காத்திருக்கிறார்களோ அங்கே நிமிடக் கணக்கைச் சிவப்பில் குறியுங்கள்.

தாளைப் பார்த்தாலே பிளான் பாதி வந்துவிடும். ரிசல்ட்டோடு வருகிறவருக்குத் தனியாக ஒரு சின்ன இடம், டாக்டர் அறைக்கு இரண்டாவது கதவு. லேபை முன்பக்கம் கொண்டுவந்தால் சிலர் டாக்டரைப் பார்க்குமுன்பே ரத்தம் கொடுத்துவிடலாம், டாக்டர் ஒப்புக்கொண்டால். மருந்துக் கடை வெளியே போகிற வழியில், ரோட்டைப் பார்த்தபடி, பஸ் வருகிறதா என்று தெரியும் இடத்தில். இதில் எதற்கும் கூடுதல் சதுர அடி தேவையில்லை.

பிளானைப் பார்த்தால் வேலை செய்கிறவர்களுக்குப் புரியாதே?

புரியாது. 3டி படம் காட்டினாலும் சோபா நிறத்தைத்தான் பேசுவார்கள். சைட்டிலேயே, அஸ்திவாரத்துக்குக் கோடு போடுவதற்கு முன்னால், சுண்ணாம்புத் தூளில் பிளானை முழு அளவில் தரையில் போடுங்கள். கவுன்டருக்கும் கட்டிலுக்கும் பதிலாகக் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்குங்கள், திருப்பூரில் அதற்குப் பஞ்சமே இல்லை. நர்ஸ், கம்பவுண்டர், கூட்டிப் பெருக்குகிற அக்கா எல்லோரையும் வரச்சொல்லி ஒரு நாள் வேலையை நடித்துக் காட்டச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடம் சிரிப்பார்கள். அப்புறம் அந்த அக்காதான், "இங்கே தண்ணிக் குழாய் இல்லைனா பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு நான் அத்தனை பேருக்கு நடுவுல போகோணுமுங்களா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியைச் சுண்ணாம்புக் கோட்டில் திருத்தச் செலவில்லை. டைல்ஸ் ஒட்டிய பிறகு என்றால் என்ன ஆகும் என்று மேஸ்திரியைக் கேளுங்கள்.

பனியன் கம்பெனியில் இதனால் என்ன மாறும்? அங்கே எல்லாம் மிஷின் லேஅவுட்தானே?

குழந்தைகள் காப்பகம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பக வசதி இருக்கவேண்டும் என்று 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தில் சேர்த்தார்கள். தாய் ஒரு நாளைக்கு 4 முறை போய்க் குழந்தையைப் பார்த்துவர அனுமதிக்கவேண்டும் என்றும் அதில் எழுதினார்கள், ஓய்வு நேரமும் அந்த 4 முறைக்குள் அடக்கம்.

பெரும்பாலான பிளானில் காப்பகம் எங்கே வரும்? மிச்சமிருக்கிற மூலையில். மூன்றாம் மாடியில் ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்தில், அல்லது காம்பவுண்டின் கடைசியில் ஜெனரேட்டருக்கு அருகே. காகிதத்தில் சட்டம் நிறைவேறிவிட்டது. இப்போது ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் நாளை எழுதிப் பாருங்கள். அவருக்குப் பீஸ் ரேட். எழுந்து போகும் ஒவ்வொரு நிமிடமும் கூலியில் குறையும். படி ஏறி இறங்கி, கதவருகே செருப்பு மாற்றி, குழந்தையைச் சமாதானப்படுத்தித் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? 4 முறை போகலாம் என்று சட்டம் சொன்னாலும் அவர் ஒரு முறைகூடப் போகமாட்டார். கொஞ்ச நாளில் குழந்தையை ஊரில் அம்மாவிடம் விட்டுவிடுவார், இல்லை வேலையை விட்டுவிடுவார். காப்பகம் காலியாக இருக்கிறது என்று சொல்லி அதில் அட்டைப்பெட்டி அடுக்குவார்கள்.

சேவையாக யோசித்தால் காப்பகம் ஸ்டிச்சிங் நடக்கும் அதே தளத்தில் வரும். இடையில் கண்ணாடி வைத்தால் தூரத்திலிருந்தே பார்க்கலாம், சத்தமும் பஞ்சும் போகாமல் அடைத்துக்கொள்ளவேண்டும். அவர் எழுந்து போகும் நேரத்தில் லைன் நிற்காமல் இருக்க, மாற்று ஆள் யார் என்பதைச் சூப்பர்வைசரோடு பேசி முடிவு செய்யவேண்டும். போகிற நேரத்துக்குக் கூலி எப்படிக் கணக்கு என்பதும் பேசப்படவேண்டும். "இது ஆர்க்கிடெக்டின் வேலையா?" என்று கேட்பார்கள். கண்ணாடிச் சுவருக்கு ஆகும் செலவு வீணாகாமல் இருக்கவேண்டும் என்றால் ஆம், அவர் வேலைதான்.

வீட்டுக்கும் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் அளவோடு. வீட்டை ஆஸ்பத்திரி மாதிரி ஆராயத் தேவையில்லை. வெளியிலிருந்து உள்ளே வருகிறவற்றை மட்டும் பட்டியல் போடுங்கள்: பால், கேஸ் சிலிண்டர், காய்கறி, பாத்திரம் தேய்க்க வருகிறவர், கூரியர், நல்ல தண்ணீர். கோவையில் பல பகுதிகளில் குழாய்த் தண்ணீர் தினமும் வருவதில்லை. வருகிற அன்றைக்கு யார் எழுந்து, எந்த வால்வைத் திருப்பி, சம்ப்பில் விட்டு, எப்போது மோட்டார் போடுகிறார்கள்? வால்வும் சுவிட்சும் வீட்டின் இரு மூலையில் இருக்கும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். எலிவேஷனுக்கு ஒரு மாதம் பேசியவர்கள் இதற்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்கியிருக்கமாட்டார்கள்.

பழைய தோட்டத்துச் சாளைகளில், அதாவது பண்ணை வீடுகளில், களம், மாடு கட்டும் கட்டுத்தரை, திண்ணை எல்லாம் வேலை வரிசைப்படிதான் அமைந்தன. மாடு, தானியம், விருந்தாளி, பண்ணையாள் ஒவ்வொருவருக்கும் ஒரு வழி இருந்தது. யாரைத் திண்ணையோடு நிறுத்தவேண்டும் என்பதும் அந்த வழியில் அடக்கம். அதையும் சேர்த்து ரசிக்கச் சொல்லமாட்டேன். முறையை எடுத்துக்கொள்ளலாம், அந்தக் கோட்டை இன்றைக்கு மறுபடி போட வேண்டியதில்லை.

வாஸ்து இடிக்காதுங்களா?

இடிக்காது. சமையலறை தென்கிழக்கில் என்றால் தென்கிழக்கில் வையுங்கள். உள்ளே அடுப்பு, சிங்க், மேடை, கதவு இவற்றின் வரிசையில் வேலை நிறைய இருக்கிறது. சண்டை போட வேண்டிய இடம் இது இல்லை.

இதற்கு எப்படி ஃபீஸ் வாங்குவது? சதுர அடிக்கு இவ்வளவு என்றுதானே கேட்கிறார்கள்?

அதுதான் உண்மையான தடை. சதுர அடி ரேட்டில் பிளான் போடுகிறவருக்கு, ஒரு அறை தேவையில்லை என்று கண்டுபிடித்துச் சொன்னால் வருமானம் குறைகிறது. நல்ல யோசனைக்கு அபராதம் மாதிரி. அதனால் கவனித்து, புளூபிரிண்ட் வரைந்து, சுண்ணாம்புக் கோட்டில் நடித்துப் பார்க்கும் வரையிலான வேலையைத் தனியாகப் பிரித்து, ஒட்டுமொத்தத் தொகையாகச் சொல்லிவிடுங்கள். அது முடிந்ததும் வாடிக்கையாளர் வேறு ஆளிடம் பிளான் போட்டுக்கொள்ளலாம் என்றும் எழுதிக் கொடுங்கள். அந்தச் சுதந்திரம் இருந்தால்தான் பணம் கொடுக்க மனசு வரும். தொழில் நடத்துகிறவர்கள் இதற்குச் சம்மதிப்பது எளிது. வீடு கட்டுகிறவர்கள் பேரம் பேசுவார்கள், பேசட்டும்.

சைட்டில் வேலை செய்கிறவர்களும் இதில் வருவார்களா?

வரவேண்டும். நாம் போடுகிற டிராயிங்கே ஒரு சேவைதான், அதைப் பயன்படுத்துகிறவர் மேஸ்திரியும் கம்பி கட்டுகிறவரும். இன்று பல சைட்டுகளில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். டிராயிங்கில் இருப்பது ஆங்கிலம், மேஸ்திரி பேசுவது தமிழ், கம்பியை வளைப்பவர் பேசுவது இந்தியோ ஒடியாவோ. பெரிய தாளில் எல்லாவற்றையும் திணிப்பதை விட்டு, ஒரு நாள் வேலைக்கு ஒரு தாள், எழுத்தைக் குறைத்துப் படத்தை அதிகமாக்கி, போனில் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிகிற அளவில் கொடுங்கள். சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும்வரை தாங்குகிற பலகை, முட்டு) பிரித்த பிறகு வருகிற பாதித் தகராறு வராது.

அனுமதி வாங்குவதில் புதிய முறை வந்திருக்கிறதாமே?

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, ஆன்லைனில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். அரசே தன் சேவையைத் திருத்தி அமைத்ததற்கு இது நல்ல உதாரணம். ஆனால் வேலை மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. முன்பு ஆபீசில் சரிபார்த்ததை இப்போது நீங்கள் சான்று சொல்கிறீர்கள். பக்க இடைவெளி தப்பாக இருந்தால் பொறுப்பு உங்களுடையது, அளந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கிரகப்பிரவேசத்தோடு வேலை முடிந்ததா?

பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற ஆர்க்கிடெக்ட் திரும்பி வருவதில்லை என்பதுதான் நம் ஊர் வழக்கம். பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அமைப்பான ரீபா, தன் வேலைத் திட்டத்தை 2013-ல் திருத்தியபோது, கட்டடம் பயன்பாட்டில் இருக்கும் காலத்தையே ஒரு தனிக் கட்டமாகச் சேர்த்தது. நம் நாட்டில் 2016-ன் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்தால் பில்டர் கூடுதல் பணம் வாங்காமல் சரிசெய்து தரவேண்டும். அது அடுக்குமாடி, பிளாட் விற்பவர்களுக்கு. தனி வீட்டுக்கு அப்படி ஒரு பிடி இல்லை, ஒப்பந்தத்தில் நீங்களே எழுதிக்கொள்ளவேண்டும்.

குறைந்தது இரண்டு முறை திரும்பிப் போகச் சொல்வேன். ஆடியில் ஒருமுறை: பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கு ஜன்னலை என்ன செய்கிறது, எந்தக் கதவு அடித்துக்கொள்கிறது என்று தெரியும். ஐப்பசி மழையில் ஒருமுறை: தண்ணீர் எங்கே ஒழுகுகிறது, மழைநீர் சேகரிப்புக் குழி நிஜமாக உறிஞ்சுகிறதா என்று தெரியும். பூச்சுக்கு முன்பே சுவருக்குள் போகும் பைப், ஒயர் எல்லாவற்றையும் அளவு நாடா தெரியப் போட்டோ எடுத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அஞ்சு வருஷம் கழித்து டிரில் போடுகிற பிளம்பர் உங்களை வாழ்த்துவார்.

இதற்கு ஏதாவது சாஃப்ட்வேர் வேண்டுமா?

வேண்டாம். தாள், பேனா, கைக்கடிகாரம், பொறுமை.

எப்போது இது தேவையில்லை?

உள்ளே யார் வரப்போகிறார்கள் என்றே தெரியாத வாடகைக் கடைகளுக்கு. அங்கே ஆராய்வதைவிட, சுவரை எளிதாக மாற்றுகிற மாதிரி தூண்களையும் குழாய்களையும் வைப்பது புத்திசாலித்தனம். இன்னொரு எச்சரிக்கை: நிமிடக் கணக்கு எடுப்பதைத் தொழிலாளியை விரட்டுகிற கருவியாகச் சில முதலாளிகள் மாற்றப் பார்ப்பார்கள். எதற்காகக் கவனிக்கிறோம் என்பதை உட்காருகிற அன்றைக்கே தொழிலாளியிடம் சொல்லிவிடுங்கள், பெயர் எழுதாதீர்கள்.

ஆர்க்கிடெக்சர் படிக்கிறேன். எங்கே பயிற்சி எடுக்கலாம்?

ஈரோடு ஜவுளிச் சந்தைக்குப் போங்கள். திங்கள் இரவு கூடத் தொடங்கி செவ்வாயும் நடக்கும். மூட்டை எங்கே இறங்குகிறது, வெளி மாநில வியாபாரி எங்கே தூங்குகிறார், டீ எங்கிருந்து வருகிறது, கழிப்பறைக்குப் பெண்கள் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று மணிக்கு ஒரு தாளாக வரைந்துவாருங்கள். கட்டடம் எதுவும் வரையாதீர்கள். இரண்டு மூன்று வாரம் போனால் கடைக்காரர்களே கூப்பிட்டு உட்கார வைத்து, எங்கே என்ன தப்பு என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கல்லூரிக்கு வந்து வேறு பாஷையில் மாற்றவேண்டாம்.